வீட்டு நாஸ் பெட்டியில் பெரிய ஹார்டு டிஸ்க் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரௌட்டரோடு ஒயரில் இணைத்து மூலையில் வைத்துவிட்டால், வீட்டில் உள்ள எல்லா ஃபோனுக்கும் லேப்டாப்புக்கும் பொதுவான பெட்டகமாக இருப்பது நாஸ். வாங்கும்போது 4 டிபி என்றால் ஏழு தலைமுறைக்கும் போதும் என்று தோன்றும். நாலைந்து வருடத்தில் கல்யாண வீடியோவும் குழந்தைகள் படமும் சேர்ந்து நிரம்பிவிடும். "பெரிசா ஒண்ணு போட்டுக் குடேன்" என்று சொந்தக்காரர்களும் நண்பர்களும் கேட்டு, இந்த வேலையைச் சில வீடுகளில் செய்திருக்கிறேன். அப்போது வந்த கேள்விகள்தான் இவை. உதாரணத்துக்கு ஒரு பெட்டியை வைத்துக்கொள்வோம்: இரண்டு 4 டிபி டிஸ்க், ஒன்று மற்றொன்றின் நகலாக ஓடுகிறது (இதுதான் ரெய்டு 1). அதை இரண்டு 8 டிபி ஆக்க வேண்டும். நாஸ் விற்கும் சினாலஜி, க்யூநாப் என்ற இரண்டு நிறுவனங்களின் பெட்டியிலும் அடிப்படை ஒன்றுதான், பட்டன்களின் பெயர்தான் மாறும்.

இடம் நிரம்பிவிட்டது என்கிறது. டிஸ்க் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பணம் செலவழிக்கும் முன் ரீசைக்கிள் பின்னைப் பாருங்கள். நாஸில் ஒவ்வொரு பகிர்வு ஃபோல்டருக்கும் தனித்தனியாக அது உண்டு. நீங்கள் அழித்ததெல்லாம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். அடுத்து ஸ்னாப்ஷாட், அதாவது ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஃபைல்கள் இருந்த நிலையைப் பெட்டி பிடித்து வைப்பது. பழைய ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை, அழித்த ஃபைலின் இடம் திரும்பி வராது. வாசல் கேமராவின் பதிவுகளும் இதே பெட்டியில் சேர்கின்றன என்றால், எத்தனை நாள் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு வீட்டில் இந்த மூன்றையும் சரிசெய்ததிலேயே கால்வாசி இடம் கிடைத்தது. டிஸ்க் வாங்கும் வேலை ஒரு வருடம் தள்ளிப்போனது.

ரெய்டு இருக்கிறதே. அப்புறம் பேக்கப் எதற்கு?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

ரெய்டு 1 என்பது ஒரு டிஸ்க் செத்தாலும் பெட்டி ஓடிக்கொண்டிருக்கும் என்ற ஏற்பாடு, அவ்வளவுதான். தப்பாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். வைரஸ் வந்து பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். பெட்டியின் பவர் சப்ளை கோளாறாகி டிஸ்க்குகளைச் சுட்டால் இரண்டும் சேர்ந்தே போகும்.

டிஸ்க் மாற்றும்போது இன்னொன்றும் நடக்கிறது. ஒரு டிஸ்க்கை நீங்களே உருவி எடுத்துவிடுகிறீர்கள். அந்த நிமிடத்திலிருந்து உங்கள் தரவு முழுக்க, நாலு வருடம் ஓடித் தேய்ந்த இன்னொரு பழைய டிஸ்க்கை மட்டும் நம்பி நிற்கிறது. அதோடு விடாமல், அந்தக் கிழட்டு டிஸ்க்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை ஒரு வரி விடாமல் படிக்கச் சொல்கிறோம். பல வருடமாக யாரும் திறக்காத படங்கள் இருக்கும் மூலைகளையும் அது அன்றைக்குத்தான் தொடும். எல்லோரும் புது டிஸ்க் நல்லதா என்று கவலைப்படுகிறார்கள். ஆபத்து அங்கே குறைவு. உள்ளே தங்கிவிட்ட பழைய டிஸ்க்கில்தான் அது இருக்கிறது.

அதனால் எதையும் உருவுவதற்கு முன், வெளியே ஒரு முழு நகல்.

எதில் எடுப்பது?

யூஎஸ்பி வெளி டிஸ்க் போதும். நாஸின் பின்னாலேயே செருகி, அதன் சொந்த பேக்கப் செயலியை வைத்து எடுக்கலாம். லேப்டாப் வழியாக வைஃபையில் இழுத்தால் நாள்கணக்காகும். எடுத்து முடித்ததும் யூஎஸ்பி டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, நாலைந்து படங்களையும் ஒரு பெரிய வீடியோவையும் திறந்து பாருங்கள். பேக்கப் செயலி தனக்கே உரிய வடிவத்தில் சேமித்திருந்தால், அதைத் திறக்கும் மென்பொருளை நிறுவிப் பாருங்கள். "வெற்றி" என்று பச்சையில் காட்டுவதை மட்டும் நம்பாதீர்கள்.

யூசர், பாஸ்வேர்டு, ஃபோல்டர் அனுமதி எல்லாம் அடங்கிய அமைப்பு ஃபைலையும் தனியாக ஏற்றுமதி செய்து வையுங்கள், அது சில எம்பிதான் இருக்கும். ஃபோல்டரை என்கிரிப்ட் செய்திருந்தால் அதன் சாவி நாஸுக்கு வெளியே இருக்கிறதா? பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எந்த டிஸ்க் வாங்கலாம்?

பிராண்டு சண்டைக்குள் நான் போகவில்லை. பார்க்க வேண்டியது இரண்டு விஷயம்.

முதலாவது, சிஎம்ஆரா எஸ்எம்ஆரா. சிஎம்ஆரில் தடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தனித்தனியாக இருக்கும். எஸ்எம்ஆரில் ஓட்டுக் கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி, ஒரு தடத்தின் ஓரத்தின் மேல் அடுத்த தடம் ஏறியிருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலே இருப்பதையெல்லாம் தூக்கிவிட்டுத் திரும்ப அடுக்க வேண்டும் அல்லவா, அதே கதைதான். சாதாரண நாளில் தெரியாது. ரீபில்டு (மாற்றிய டிஸ்க்கில் பெட்டி தரவைத் திரும்ப நிரப்புவது) நடக்கும்போது, தொடர்ந்து மணிக்கணக்கில் எழுத வேண்டிய நேரத்தில், மூச்சு வாங்கும். சில சமயம் பதில் வராததால் பெட்டி அதைச் செத்த டிஸ்க் என்றே முடிவுகட்டிவிடும். 2020-ல் இது பெரிய சர்ச்சையானது: நாஸுக்கென்றே விற்ற வெஸ்டர்ன் டிஜிட்டல் ரெட் வரிசையில், 2 முதல் 6 டிபி வரையிலான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பதை அந்த நிறுவனம் அந்த ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. அதன் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே ரெட் பிளஸ், ரெட் ப்ரோ, சீகேட் அயர்ன்வுல்ஃப் என்றால் கவலை இல்லை. வெறும் ரெட், பராகுடா என்றால் மாடல் எண்ணைத் தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, பிழை வந்தால் எவ்வளவு நேரம் முட்டுவது என்ற கணக்கு. படிக்க முடியாத இடம் வந்தால் நாஸ் டிஸ்க் சுமார் 7 நொடியில் கைவிரித்துவிடும், பெட்டி மற்ற டிஸ்க்கிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். மேசைக் கணினி டிஸ்க்குக்கு அந்தத் துணை கிடையாது. அதனால் ஒரு நிமிடத்துக்கு மேல்கூட முட்டிக்கொண்டே இருக்கும். பெட்டி பொறுமையிழந்து டிஸ்க்கையே வரிசையிலிருந்து தள்ளிவிடலாம்.

உங்கள் பெட்டி மாடலின் ஒத்துப்போகும் டிஸ்க் பட்டியலையும் பாருங்கள். சினாலஜி 2025-ல் வெளியிட்ட பிளஸ் மாடல்களில் தன் பட்டியலில் உள்ள டிஸ்க்கைத்தான் ஏற்பேன் என்றது. கடும் எதிர்ப்பு வந்து, அந்த அக்டோபரில் தன் பெட்டி மென்பொருளான டிஎஸ்எம்மின் 7.3 பதிப்பில் தளர்த்தியது. அப்படிப்பட்ட பெட்டி என்றால் முதலில் மென்பொருளைப் புதுப்பித்துவிடுங்கள். ஆனால் டிஸ்க் மாற்றும் அன்றே அதைச் செய்ய வேண்டாம். ஒரு வாரம் முன்னால் செய்து, ஓட விட்டுப் பாருங்கள்.

இரண்டு டிஸ்க்கையும் ஒரே கடையில் வாங்கலாமா?

வாங்கலாம். முடிந்தால் தயாரிப்புத் தேதி வேறு வேறாக இருக்கட்டும். ஒரே லாட்டில் வந்த இரட்டையர்களுக்கு ஒரே குறை இருந்தால் ஒரே சமயத்தில் படுத்துவிடும்.

ஆன்லைனில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு, இந்தியாவில் வாரண்டி உண்டா, எதுவரை என்று பாருங்கள். வெளிநாட்டுக்கென்று போன சரக்கு இங்கே வந்தால் பில் இருந்தும் பயனில்லாமல் போகலாம். 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் ஒரு மோசடி வெளிவந்தது: ஏற்கெனவே ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்க்குகளை, ஓடிய நேரக் கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதிது என்று விற்றிருந்தார்கள். ஸ்மார்ட் எனப்படும், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் கணக்கை அழித்தவர்கள், ஃபார்ம் என்ற இன்னொரு உள்குறிப்பைப் பலவற்றில் அழிக்க மறந்ததால் மாட்டிக்கொண்டார்கள்.

பார்சலும் முக்கியம். எனக்கு ஒரு முறை 8 டிபி டிஸ்க் ஒன்று, மெல்லிய குமிழித்தாளை ஒரே ஒரு சுற்று சுற்றி, பழைய செருப்புப் பெட்டியில் லொடலொடவென்று ஆடிக்கொண்டு வந்தது. திறக்காமலே திருப்பி அனுப்பினேன். ஓடிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று நினைக்காதீர்கள். அடிபட்ட டிஸ்க் முதல் மாதம் நன்றாகவே ஓடலாம்.

புது டிஸ்க்கை நேராக மாட்டிவிடலாமா?

முதலில் ஒரு கணினியில் யூஎஸ்பி டாக் வழியாக மாட்டி, ஸ்மார்ட் நீண்ட சோதனை ஒன்றை ஓட விடுங்கள். 8 டிபிக்கு ஒரு ராத்திரி முழுக்க ஆகும், சில நேரம் மறுநாள் மதியம்வரை இழுக்கும். டிஸ்க்குகள் கைக்குழந்தைப் பருவத்திலும் கிழட்டுப் பருவத்திலும்தான் அதிகம் சாகின்றன. முதல் நாளே போகக்கூடியது உங்கள் மேசையில் போகட்டும், நாஸுக்குள் போக வேண்டாம்.

திருகும் துளையையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீலியம் நிரப்பிய பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் நடுத் துளை இருக்காது. டிஸ்க்கைத் தாங்கும் பழைய ட்ரேயில் நடுத் துளையில்தான் திருக முடியும் என்றால் அன்றைக்குத்தான் முழிப்பீர்கள்.

பழைய டிஸ்க்குகளில் என்ன பார்க்க வேண்டும்?

ஸ்மார்ட் பட்டியலில் எண் 5, 197, 198 மூன்றும் பூஜ்யமாக இருக்கிறதா என்று பாருங்கள். 5 என்றால் கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட பகுதிகள். 197 என்றால் படிக்க முடியாமல் தவித்துக்கொண்டிருப்பவை. இது ஒன்றாக இருந்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கும். 199 ஏறியிருந்தால் டிஸ்க்கை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பெரும்பாலும் கனெக்டரோ ஒயரோதான் காரணம். கழற்றித் துடைத்துச் சரியாகச் செருகினால் அதற்குமேல் ஏறாது.

அடுத்து டேட்டா ஸ்க்ரப்பிங். இந்த வசதி உள்ள பெட்டி, டிஸ்க்குகளில் இருக்கும் தரவைப் படித்துச் சரிபார்க்கும். ரீபில்டு எதைச் செய்யப்போகிறதோ அதன் ஒத்திகை இது. ஆனால் இன்னும் இரண்டு டிஸ்க்கும் உள்ளே இருக்கும்போது நடக்கிற ஒத்திகை. இதில் தடுக்கினால் மற்ற டிஸ்க் கைகொடுக்கும். சுத்தமாக முடிந்த பிறகு ஸ்மார்ட்டை மறுபடி பாருங்கள், எண்கள் அசையாமல் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். இரண்டில் ஒன்று தள்ளாடினால் அதைத்தான் முதலில் வெளியே எடுக்க வேண்டும். நல்லது உள்ளே இருந்து பாடம் சொல்லட்டும்.

சரி, எப்படி மாற்றுவது?

அவசரப்படாமல் நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. உருவுவதற்கு முன், எந்த டிஸ்க் என்று திரையில் பார்த்து அதன் சீரியல் எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நண்பர் ஒருவர் வீட்டில், நாலு டிஸ்க் ரெய்டு 5 பெட்டி (ஒரு டிஸ்க் போனால் மீதி மூன்றிலிருந்து தரவை மீட்கலாம், இரண்டு போனால் முடியாது). மூன்றாவது டிஸ்க் கெட்டுவிட்டது, பெட்டி பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. பெட்டி அலமாரியின் அடித்தட்டில். நான் குனிந்து, கழுத்தைத் திருப்பி, வலப்பக்கத்திலிருந்து எண்ணி மூன்றாவதை உருவினேன். பெட்டி இடப்பக்கத்திலிருந்து எண்ணுகிறது. கையில் வந்தது நல்லாயிருந்த இரண்டாவது டிஸ்க். கத்தல் நின்றுவிட்டது, எல்லா ஃபோல்டரும் திரையிலிருந்து மறைந்தன. பெட்டியை அணைத்து, அதே டிஸ்க்கை அதே இடத்தில் வைத்துத் திரும்பப் போட்டதில் ஏறிவிட்டது. ஏறாமலும் போயிருக்கலாம். நண்பர் காபி போடப் போயிருந்தார், இன்றுவரை அவருக்குத் தெரியாது. அதிலிருந்து ஒவ்வொரு ட்ரேயின் முகப்பிலும் அந்த நான்கு எழுத்துகளை ஒரு சின்ன ஸ்டிக்கரில் எழுதி ஒட்டிவிடுகிறேன்.

இனி வேலை. ஸ்டோரேஜ் மேனேஜரில் மாற்றப்போகும் டிஸ்க்கைச் செயலிழக்கச் செய்யும் வசதி இருந்தால் அதை அழுத்துங்கள். க்யூநாப் என்றால் டிஸ்க்குகளை ஒவ்வொன்றாக மாற்றித் தருவதற்கென்றே ஒரு வழிகாட்டி உண்டு, அதன் பின்னாலேயே போங்கள். பெட்டி கத்தத் தொடங்கும். சத்தத்தை அணைக்கும் பட்டன் அதே திரையில்தான் இருக்கும். ராத்திரி பதினோரு மணிக்கு இதைத் தொடங்கினால் அதை முதலில் தேடிவைத்துக்கொள்ளுங்கள். ட்ரேயை ஒரு அங்குலம் மட்டும் இழுத்துவிட்டு அரை நிமிடம் சும்மா இருங்கள். உள்ளே தட்டு சுற்றி நிற்பதைக் கையிலேயே உணரலாம். நின்ற பிறகு முழுதாக எடுங்கள்.

புது டிஸ்க்கைப் பக்கவாட்டில் பிடித்து ட்ரேயில் வைத்து, சொடக்கென்று பொருந்தும்வரை தள்ளுங்கள். திரையில் அது வந்ததும் ரிப்பேர் என்பதை அழுத்தி, புது டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால், அதில் இருப்பது அழியும் என்று எச்சரிக்கும். சீரியல் எண்ணைத் திரும்ப ஒரு முறை பார்த்துவிட்டுச் சரி சொல்லுங்கள். அவ்வளவுதான். அது முழுதாக முடிந்து, பெட்டி ஆரோக்கியம் என்று காட்டிய பிறகே இரண்டாவது டிஸ்க்கைத் தொட வேண்டும். தொண்ணூற்றெட்டு சதவீதம் முடிந்துவிட்டதே என்று உருவினால் நூறு சதவீதம் போச்சு.

இதெல்லாம் ஓடும்போதே கழற்றக்கூடிய பெட்டிகளுக்கு. மூடியைத் திறந்து ஸ்க்ரூ கழற்ற வேண்டிய சின்ன மாடல் என்றால், ஒவ்வொரு தடவையும் அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

உங்கள் பெட்டியில் காலி இடம் ஒன்று இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. டிஎஸ்எம் 7-ல் டிஸ்க்கை மாற்று என்றே ஒரு வசதி உண்டு. புதியதைக் காலி இடத்தில் போட்டால், பழையதை வெளியே எடுக்காமலே நகல் முடித்துவிடும். ஒற்றைக் காலில் நிற்கும் நேரமே கிடையாது.

எவ்வளவு நேரம் ஆகும்?

பெட்டி நொடிக்கு 150 எம்பி வேகத்தில் எழுதினால் 4 டிபிக்கு ஏழரை மணி நேரம். நம் உதாரணத்தில் முதல் டிஸ்க்குக்கு ஒரு ஏழரை, இரண்டாவதுக்கு ஒரு ஏழரை. பிறகு புதிதாகக் கிடைத்த 4 டிபியைப் பெட்டி ஒத்திசைக்க இன்னொன்று. நடுவில் யாராவது படம் பார்த்தால் இன்னும் இழுக்கும். வெள்ளி இரவு தொடங்கி ஞாயிறு முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பைப் பயன்படுத்தும் பெட்டிகள் எழுதப்பட்ட தரவை மட்டும்தான் நகலெடுக்கும், அங்கே பாதி காலி என்றால் நேரமும் குறையும்.

மின்விசிறியை அந்தப் பக்கம் திருப்பி வைப்பதில் தப்பில்லை. சித்திரை வெயிலில் மூடிய அலமாரிக்குள் ரீபில்டு ஓடினால் டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டிவிடும். உச்சவரம்பு 60-க்கு அந்தப் பக்கம் இருக்கலாம், அதற்காக அங்கே போய்ப் பார்க்க வேண்டியதில்லை.

நடுவில் கரண்ட் போனால்?

பெரும்பாலான பெட்டிகள் விட்ட இடத்திலிருந்தோ முதலிலிருந்தோ தொடரும். ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் போகலாம். தேய்ந்த டிஸ்க் ஒன்று அணைந்து திரும்பச் சுற்றத் தொடங்கும்போதுதான் பல நேரம் மக்கர் செய்கிறது.

600 விஏ யூபிஎஸ் ஒன்று போதும். அதன் யூஎஸ்பி ஒயரை நாஸில் செருகினால், பேட்டரி தீரும் முன் பெட்டி தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும். இந்த ஒயரைப் பலர் யூபிஎஸ் வந்த அட்டைப்பெட்டியோடு பரணில் போட்டுவிடுகிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்றால், அதில் யூபிஎஸ் மோடு சுவிட்சைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். சாதாரண மோடில் மாறும் இடைவெளி ஃபேனுக்குத் தெரியாது, நாஸ் ரீஸ்டார்ட் ஆகிவிடும். தமிழ்நாட்டில் இருப்பவர்கள், மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பார்த்துவிட்டு, அது முடிந்த மறுநாள் தொடங்குங்கள்.

ஒரு டிஸ்க்கை மாற்றிவிட்டேன். இடம் கூடவே இல்லையே?

கூடாது. நகல் ஏற்பாட்டில் சின்ன டிஸ்க் எவ்வளவோ அவ்வளவுதான் கணக்கு. இரண்டாவதும் மாறிய பிறகுதான் பெரிசாகும். அப்போதும் சில பெட்டிகளில் வால்யூமை (டிஸ்க்குகளின் மேல் பெட்டி அமைத்திருக்கும் சேமிப்பிடத்தை) விரிவாக்கு என்று நீங்கள் சொல்ல வேண்டும். எல்லாம் முடிந்தும் 8 டிபிக்கு 7.2 சொச்சம்தான் காட்டும். யாரும் ஏமாற்றவில்லை. டிஸ்க் விற்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், பெட்டி 1024 ஆக எண்ணுகிறது. பத்து வருடத்துக்கு மேற்பட்ட 32 பிட் பெட்டி என்றால் ஒரு வால்யூம் 16 டிபியைத் தாண்டாது என்ற தடையும் இருக்கலாம்.

நாலு டிஸ்க் ரெய்டு 5-க்கும் இதே முறைதானா?

முறை அதே. பயம் அதிகம். நாலு 4 டிபியில் ஒன்றை எடுத்தால், மீதி மூன்றிலும் உள்ள 12 டிபியையும் பிழையில்லாமல் படித்தாக வேண்டும். வீட்டு ரக டிஸ்க்குகள் பலவற்றின் தகவல் தாளில், 12.5 டிபி படித்தால் ஒரு இடம் படிக்க முடியாமல் போகலாம் என்ற வரம்புதான் போட்டிருக்கும். நடைமுறையில் டிஸ்க்குகள் அதைவிட நல்லவை. ஆனாலும் இந்தச் சூதாட்டத்தை நாலு டிஸ்க்குக்கு நாலு தடவை ஆட வேண்டும். பேக்கப் இல்லாமல் ரெய்டு 5-ல் கை வைக்கச் சொன்னால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிடுகிறேன், மாமா கூப்பிட்டாலும் சரி.

இரண்டையும் ஒரேயடியாக எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கினால்?

எனக்குப் பிடித்த வழி இதுதான், ஆனால் யாரும் கேட்பதில்லை. பெட்டியை அணைத்து, பழைய இரண்டையும் எண் எழுதி எடுத்து வையுங்கள். புது இரண்டையும் போட்டு முதலிலிருந்து நிறுவி, பேக்கப்பிலிருந்து தரவைக் கொண்டுவாருங்கள். பழைய ஜோடி அப்படியே முழுசாக இருக்கிறது. சொதப்பினால் திரும்ப அதையே மாட்டினால் பழைய பெட்டி கிடைத்துவிடும். பேக்கப் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்பதும் தெரிந்துவிடும். செயலிகளைத் திரும்ப அமைக்க ஒரு நாள் போகும், அதுதான் செலவு.

கழற்றிய பழைய டிஸ்க்குகளை என்ன செய்வது?

ஒரு மாதம் தொடாதீர்கள். தேதியும் எத்தனையாவது இடத்தில் இருந்தது என்பதும் எழுதி, நிலைமின் தடுக்கும் அந்தச் சாம்பல் நிற உறையில் போட்டு, பீரோவில் துணிகளுக்கு நடுவே. நன்றாக ஓடியவை என்றால், ஒன்றை யூஎஸ்பி பெட்டிக்குள் போட்டு முக்கியப் படங்களை மட்டும் நகலெடுத்து ஊரில் அம்மா வீட்டில் வைத்துவிடலாம். பொங்கலுக்குப் போகும்போது ஒரு முறை புதுப்பித்தால் சரி.

விற்பதாக இருந்தால் ஃபார்மேட் மட்டும் போதாது. முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதும் வசதியை ஒரு முறை ஓட விடுங்கள், ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு முறையே போதும். இயங்காமல் செத்த டிஸ்க்கில் எழுத முடியாது. அதைக் காயலாங்கடைக்குப் போடும் முன் ஸ்க்ரூ கழற்றித் தட்டுகளை எடுத்துவிடுவேன். கண்ணாடி மாதிரி மின்னும் அந்தத் தட்டுகளில் இரண்டு, தங்கை மகன் கையில் இருக்கின்றன.